இந்திராணி மேடம் சொன்னபடி

வயிறு வலிக்கச் சிரிப்பீங்க அக்கா, முன்கூட்டியே சொல்லிடறேன். தண்ணி குடிக்கறதா இருந்தா இப்பவே குடிச்சுடுங்க, நடுவுல குடிச்சா புரை ஏறிடும். ஆனா அந்தக் குரலை மட்டும் இப்பவே போட்டுக் காட்டச் சொல்லாதீங்க. அதுக்கு நேரம் இருக்கு. அதோ முன்னால, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, நீல முழுக்கைச் சட்டை. மடியில தூக்குவாளி வெச்சிருக்கார் பாருங்க, அவர்தான் எங்க சித்தப்பா. பேரு மாசிலாமணி. நான் அவரோட உக்கார்றேன்னுதான் சொன்னேன். கண்டக்டர் கேட்டாரா? "லேடீஸ் சீட்டு காலியா இருக்குல்ல, அங்க போம்மா, அங்க போம்மா, எறங்கறப்ப ஒண்ணா எறங்கிக்கலாம்." அப்படியே இருக்கா? கண்டக்டர் குரல் சுலபம். மூக்குல பாதி, தொண்டையில பாதி. இந்திராணி மேடம் குரல் அப்படியில்லை. அதுக்கு முதுகு நிமிரணும், வாயில ஒரு வெத்தலை இல்லாமலே வெத்தலை இருக்கணும். பொறுங்க.

பலாச்சுளை வாசம் வருதா? அந்த வாளியிலேர்ந்துதான். பச்சமலைப் பழம். நேத்து சாயங்காலம் கையில எண்ணெய் தடவிக்கிட்டு அவரே உக்காந்து உரிச்சார். எங்க அம்மா உரிச்சுத் தர்றேன்னதுக்கு வேணாம்னுட்டார். எனக்கு ஒரு சுளை நீட்டினாரா, அதையும் நார் இருக்கிற சுளையாப் பார்த்து. நல்லதெல்லாம் மேடத்துக்காம். மீசையைப் பாருங்க, திரும்பறப்ப தெரியும், மை மாதிரி. முந்தாநாள் வரைக்கும் அது சாம்பல் கலர். ஒரு ஆபீசுக்கு நன்றி சொல்லப் போறவருக்கு எதுக்கு டை? கேட்டா, "மெட்ராஸ் போறோம்ல பாப்பா"ங்கறார்.

சரி, முதல்லேர்ந்து சொல்றேன். எங்களுக்குத் துறையூர். சித்தப்பா வீடு எங்க வீட்டுக்குப் பின்பக்கம், நடுவுல ஒரு சந்து. எங்க மொட்டை மாடியில தண்ணித் தொட்டி ஓரம் நின்னா அவர் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற ஜன்னல் நேரா தெரியும். தொழில் ஜாதகம். கம்ப்யூட்டர் ஜாதகம். பொறந்த நேரம் சொன்னா கட்டம் போட்டு, பொருத்தம் பார்த்து, பிள்ளையார் படம் போட்டு அச்சடிச்சுக் கொடுப்பார். துறையூர்ல பாதிக் கல்யாணம் அவர் பிரிண்டர் வழியா வந்ததுதான். அவருக்கு மட்டும் ஆகலை. ஏன்னு கேட்டா அப்பா வேற பேச்சுக்குப் போயிடுவார், அம்மா அடுப்புப் பக்கம் போயிடுவாங்க. அது போகட்டும். இப்ப அவருக்கு அம்பதுக்கு மேல.

அந்தக் கம்ப்யூட்டரை நீங்க பார்த்திருக்கணும் அக்கா. ஊர்ப் பொண்ணுங்க போட்டோ, பொறந்த தேதி, அப்பா பேரு, போன் நம்பர் எல்லாம் அதுலதான் இருக்கு. என் போட்டோவும் இருக்கு, எங்க அம்மா வேலை. அதுக்குப் பாஸ்வேர்ட் என்னன்னா, ஓம்சக்தி. அதையும் ஒரு சீட்டுல எழுதி, மஞ்சள் தடவி, மானிட்டர் மேலயே ஒட்டியிருந்தார். ஜாதகம் வாங்க வர்றவங்க அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. அப்டேட் கேட்டு அது கெஞ்சும், இவர் "பிறகு பார்க்கலாம்"னு அமுக்குவார். வருஷக்கணக்கா அமுக்கியிருக்கார். ஜாதக சாப்ட்வேர் போட்ட சர்வீஸ் கடைக்காரர், வெளியாளை உள்ள விடாம தடுக்கற ஃபயர்வால் குறுக்க நிக்குதுன்னு அதை அணைச்சு வெச்சவர், திரும்பப் போடவே இல்லை. போதாததுக்குக் கடையில இருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள நுழையற சாப்ட்வேர் ஒண்ணையும் உள்ள விட்டுட்டுப் போயிருந்தார். கேட்டதுக்கு, "அது சும்மா கெடக்கும்ணே, ஒண்ணும் பண்ணாதுண்ணே, உங்க நல்லதுக்குத்தாண்ணே." இது அவர் குரல். வாயில புகையிலையோட.

ஒரே ஒரு விஷயம் சரியா இருந்தது. ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாரில்லையா, மானிட்டர் கேமரா கண்ணு மேலயும் சந்தனம் குங்குமம் வெச்சு, அது காஞ்சு கல்லு மாதிரி மூடிக்கிச்சு. அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்த மொத்தப் பாதுகாப்பும் அந்தப் பொட்டுதான்.

நான் சொல்லாமலா இருந்தேன்? பிளஸ் டூவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவ நான். "சித்தப்பா, அப்டேட் போடுங்க. சித்தப்பா, அந்தச் சீட்டைக் கிழிங்க. சித்தப்பா, ஃபயர்வால்." சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. அவர் என்ன சொல்வார் தெரியுமா? "நீ நம்ம கவுன்சிலர் மாதிரி பேசு, கேப்போம்." பேசிக் காட்டினா சிரிப்பார். அப்புறம் "பிறகு பார்க்கலாம்"னு அமுக்குவார், என்னையும் சேர்த்து. எங்க வீட்டுல நான் யார் மாதிரி பேசினாலும் கூடி நின்னு கேப்பாங்க. நான் பேசினா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க.

அப்புறம் ஒருநாள், பரீட்சை முடிஞ்ச வாரம், அவர் கம்ப்யூட்டர் திடீர்னு ஊளையிட ஆரம்பிச்சது. ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. ஒரு பொம்பளைக் குரல், உங்க கம்ப்யூட்டருக்கு ஆபத்து, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு இங்கிலீஷ்ல விடாம சொல்லுது. எங்கயோ ஒரு சைட்ல எதுக்கோ 'சரி' கொடுத்திருக்கார், அந்த வினை. நான் சத்தம் கேட்டு ஓடினா, இவர் ஜன்னல் ஓரம் நின்னு போன்ல அந்த நம்பரை அழுத்திக்கிட்டு இருக்கார். பிடுங்கி வெச்சேன். அதுக்கு என்னைத்தான் திட்டினார். "அந்த அம்மா எவ்வளவு மரியாதையாச் சொல்றாங்க, நீ என்ன கண்ட?"

அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. இவருக்கு விஷயம் முக்கியமில்லை, குரல்தான் முக்கியம். எவனோ ஒரு கெட்டவன் கூப்பிடறதுக்கு முன்னாடி நாமளே கூப்பிட்டுடலாமேன்னு தோணிச்சு. தப்பா அக்கா? அம்மை வர்றதுக்கு முன்னாடி தடுப்பூசி போடறதில்லையா, அது மாதிரி.

எங்க பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியூர்லேர்ந்து ஒரு மேடம் வந்தாங்க. அவங்க குரலை அன்னிக்கே சுருட்டி எடுத்து வெச்சிருந்தேன். யாருக்கும் போட்டுக் காட்டலை. அந்தக் குரலுக்கு இந்திராணின்னு பேர் வெச்சேன். சென்னை, கிண்டி, கணினிக் காவல் பிரிவு. அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அப்பாவோட பழைய பட்டன் போன் டிராயர்ல கிடந்தது, அந்த நம்பர் யாருக்கும் ஞாபகமில்லை. சாயங்காலம் துணி எடுக்கப் போறேன்னு மாடிக்குப் போய், தொட்டி ஓரம் குத்துக்கால் வெச்சு உக்காந்து, கூப்பிட்டேன்.

என்ன சொன்னேன்னு குரலோட அப்புறம் காட்டறேன். வார்த்தை இதுதான்: வணக்கம், இந்திராணி பேசறேன், கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க? ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தைதான். அவ்வளவுதான் அக்கா. பனியனோட சாய்ஞ்சு கிடந்த மனுஷன் எழுந்து நின்னார். நான் மாடியிலேர்ந்து பார்க்கறேன். போனைக் கீழ வெச்சுட்டு, கொடியில கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, கீழேர்ந்து ஒவ்வொரு பட்டனாப் போட்டு, கழுத்துப் பட்டனையும் போட்டு, அப்புறம்தான் போனை எடுத்து "சொல்லுங்க மேடம்"ங்கறார். போன்ல பேசறதுக்கு. எனக்குத் துணியை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிப்பு. அதுலேர்ந்து எப்பவும் அப்படித்தான். குரல் கேட்டா கை தானா காலருக்குப் போயிடும்.

நான் ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்லலை. ஒரு அழைப்புக்கு ஒரு வேலை. முதல்ல அப்டேட். அது பாட்டுக்கு நடந்து, அணைஞ்சு, எழுந்து, மறுபடி அணைஞ்சுது. அது முடியற வரைக்கும் அவர் கையைக் கட்டிக்கிட்டு முன்னாலயே நின்னார், கோயில்ல தீபாராதனைக்கு நிக்கற மாதிரி. அப்புறம் ஃபயர்வால். அப்புறம் சர்வீஸ் கடைக்காரர் விட்டுட்டுப் போன அந்தத் திருட்டு வாசலை அடைச்சோம். அப்புறம் எந்தெந்த சைட்டுக்குச் 'சரி' கொடுத்து வெச்சிருக்கார்னு பார்த்து ஒவ்வொண்ணா 'வேண்டாம்' ஆக்கினோம். தினசரி வேலைக்கு ஒரு யூசர் கணக்கு, எதையாவது புதுசாப் போடணும்னா மட்டும் பாஸ்வேர்ட் கேக்கற கணக்கு இன்னொண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சோம். கேமரா பத்திக் கேட்டார். பொட்டு அப்படியே இருக்கட்டும்னு மேடம் சொல்லிட்டாங்க. அதுக்கு அவர் பட்ட சந்தோஷம்.

பாஸ்வேர்ட் மாத்தின அன்னிக்குத்தான் நான் விழுந்து விழுந்து சிரிச்சது. அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன், குரல் இல்லாம.

"மாத்திட்டேன் மேடம். புதுசு என்னன்னு சொல்லட்டுங்களா?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"உங்ககிட்டயுமா?"

"என்கிட்டயும்தான். நானே கேட்டாலும் போனை வெச்சுடணும்."

 அப்புறம், "அப்ப யார்கிட்டதான் மேடம் சொல்றது?" அப்படிங்கறார்.

சிரிப்பு வரலையா? நேர்ல கேட்டா வரும். அந்த இழுப்பு இருக்கே, அது எனக்கு இப்ப சரியா வரலை. நாலு நாளாத் தொண்டை கட்டிக்கிச்சு.

சொல்லப் போனா எனக்கு அங்கேயே அலுத்துப் போச்சு அக்கா. விளையாட்டு மாதிரியே இல்லை, வேலைக்குப் போற மாதிரி ஆயிடுச்சு. செட்டிங்ஸ் எல்லாம் முடிஞ்சது. ஆனா இவருக்குச் சந்தேகம் முடியலை. அந்த நம்பருக்கு அவரே கூப்பிட ஆரம்பிச்சார். "மேடம், ஸ்கிரீன் லாக் அஞ்சு நிமிஷத்துல வரணுமா, பத்து நிமிஷத்துலயா?" "மேடம், அப்டேட் வந்திருக்கு, போடட்டுமா?" போடுங்கன்னு சொன்னா போதும்ல? "போடறேன். நீங்க சாப்பிட்டீங்களா?" தினமும் சாப்பாடு என்னன்னு ஒரு கேள்வி. நான் எங்க வீட்டுல சாப்பிட்ட கத்திரிக்காய்க் குழம்பை மேடம் சாப்பிட்டதாச் சொல்லிக்கிட்டிருப்பேன். "அட, எங்க அண்ணி வீட்டுலயும் அதேதான், எனக்கும் கொடுத்து விட்டாங்க"ம்பார். இதுல என்ன அதிசயம்னு எனக்கு விளங்கலை. ஆனா அதுக்கு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்க, அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்லை. பழகிப் பார்த்தேன், அதுவும் சரியா வரலை.

பாஸ்வேர்ட் மறந்தா கேக்கறதுக்கு ஒரு ரகசியக் கேள்வி வைக்கச் சொன்னேன், யாருக்கும் தெரியாத பதிலா இருக்கணும்னேன். அதுக்கு இவர், "மேடத்துக்கு என்ன நட்சத்திரம்?" அப்படின்னார். நான் வாய்க்கு வந்த மாதிரி திருவோணம்னேன். எதுக்குக் கேட்டாரோ, தொழில் புத்தி. மறுநாள் போனை எடுத்ததும், "உத்திரட்டாதிக்கும் திருவோணத்துக்கும் நல்லாவே இருக்குங்க மேடம்"னார். எது நல்லா இருக்குன்னு கேட்டேன். "பொதுவாச் சொன்னேன்"னுட்டு அப்டேட் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். ஆமா, சித்தப்பா உத்திரட்டாதிதான். ஏன் அக்கா அப்படிப் பார்க்கறீங்க?

என்னைப் பத்திக்கூட ஒருநாள் மேடத்துக்கிட்ட சொன்னார். அண்ணன் பொண்ணு ஒண்ணு இருக்கு, ரொம்பக் கெட்டிக்காரி, இந்த ஃபயர்வாலெல்லாம் அது அப்பவே சொல்லிச்சு, நான்தான் காதுல வாங்கலைன்னு. அதை என்கிட்ட சொல்லலாமில்லையா? அடுத்த சந்துல இருக்கிறவகிட்ட சொல்லாம கிண்டிக்கு எதுக்குச் சொல்லணும்? சரி, அதை விடுங்க.

பலன் கிடைச்சுதா, கிடைச்சுது. போன வாரம் நிஜமாவே ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நான் சொல்றதை இறக்குங்க, பாஸ்வேர்ட் போட்டுத் திறங்கன்னு. கணீர்னு குரலாம். முன்னாடி இருந்த சித்தப்பாவா இருந்தா ஊர்ப் பொண்ணுங்க ஜாதகம் மொத்தமும் அவன் கையில போயிருக்கும். இவர் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? "தம்பி, எங்க மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்டயே நான் பாஸ்வேர்டைச் சொன்னதில்லை. உன்கிட்டயா சொல்லுவேன்?" போனை வெச்சுட்டு, உடனே மேடத்துக்குக் கூப்பிட்டு இதைச் சொன்னார். குரல் நடுங்குது. பயத்துல இல்லை, பெருமையில. பரீட்சையில முதல் மார்க் வாங்கின பையன் மாதிரி.

நல்ல இடத்துல நிறுத்திடலாம்னு நினைச்சேன். வேலை முடிஞ்சது, உங்க கம்ப்யூட்டர் இப்ப கோட்டை மாதிரி இருக்கு, இனிமே இந்திராணி மேடம் வேற பிரிவுக்குப் போறாங்க, இந்த நம்பர் இருக்காதுன்னு மரியாதையாத்தான் சொன்னேன்.   மாடியிலேர்ந்து பார்த்தா, இவர் காலர் பட்டனைத் திருகிக்கிட்டே நிக்கறார். அப்புறம் சொன்னார். "ஒரு தடவை நேர்ல வந்து பார்த்துட்டுப் போயிடறேன் மேடம். இவ்வளவு செஞ்சுட்டீங்க, முகத்தைக்கூடப் பார்க்காம விட்டா நல்லா இருக்காது." வேணாம்னேன். ஆபீஸ்ல விட மாட்டாங்கன்னேன். வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போறேன்னார். அதுக்கு மேல நான் என்ன பண்ணுவேன்? நாலாவது மாடின்னு சொல்லிட்டேன். எந்தக் கட்டடம்னு கேட்டதுக்கு, வந்து கூப்பிடுங்கன்னேன்.

இதுல பெரிய வேடிக்கை, துணைக்கு யார் போறதுன்னு வீட்டுல பேச்சு வந்தது. எங்க அம்மா, "நீ சும்மாதானே கெடக்கற, சித்தப்பாவோட போய்ட்டு வா. அவரு என்னிக்கு இப்படி ஆசையாக் கெளம்பியிருக்காரு, பாவம்." இது அம்மா. அம்மா குரல்ல 'பாவம்' மட்டும் தனியா வரும், கேட்டீங்களா. ஆக, என் மேடத்தைப் பார்க்க நானே கூட்டிக்கிட்டுப் போறேன். விடியறதுக்கு முன்னாடி எழுந்து, தலைக்குக் குளிச்சு, இந்தப் பஸ்ல இடுப்பு ஒடிஞ்சு. ஒரு நல்லது பண்ணினதுக்கு எனக்கு இந்த அலைச்சல்.

சொல்லணும்னுதான் நினைக்கிறேன். நேத்தே நினைச்சேன், பலாப்பழம் உரிக்கிறப்ப. பஸ் ஸ்டாண்டுல நினைச்சேன். பெரம்பலூர்ல நினைச்சேன். எந்தக் குரல்ல சொல்றதுன்னு தெரியலை. கிண்டிக்குப் போய் இறங்கி, ஒவ்வொரு கட்டடமா அண்ணாந்து பார்த்து, நாலாவது மாடி எதுன்னு வாச்மேன்கிட்ட கேட்டுக்கிட்டு நிப்பார். தூக்குவாளியோட. தாம்பரம் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணியாகணும். மேடத்துக்கு அவசர லீவு, ஊருக்குப் போயிட்டாங்கன்னு ஒரு போன் அடிச்சா திரும்பிடுவாரா? இல்லை, எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டு அங்க கிளம்புவார். நீங்க சொல்லுங்க, நீங்க பெரியவங்க. சிரிக்கவும் மாட்டேங்கறீங்க.

டீக்கு நிறுத்தறான் போல. பத்து நிமிஷமாம். இறங்கறீங்களா? நானும் இறங்கலை. வாசல் அந்தப் பக்கம், கடையும் அந்தப் பக்கம். பாருங்க, சித்தப்பா இறங்கறார். வாளியைக்கூட சீட்டுல வைக்காம கையோட எடுத்துக்கிட்டுப் போறார். வெயிலுக்கு மேல் பட்டனைக் கழட்டி விட்டிருக்கார். அது நல்லதுதான், வியர்த்துக் கொட்டுது. போயிட்டாரா? சரி.

இப்பக் காட்டறேன். இதுக்குத்தானே இவ்வளவு நேரம் காக்க வெச்சேன். முழுசாக் கேட்டாத்தான் உங்களுக்கு விளங்கும், அவர் மேல தப்பில்லைன்னு. யார் கேட்டாலும் எழுந்து நின்னிருப்பாங்க. தொண்டையைச் சரி பண்ணிக்கறேன். முதுகு நிமிரணும். இந்தப் பக்கம் உங்களைப் பார்த்து உக்காந்துக்கறேன்.

"வணக்கம். இந்திராணி பேசறேன். கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்கீங்க? அவசரமில்லை, நிதானமாச் செய்யுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

எப்படி? நிஜமாவே இருக்காங்க மாதிரி இல்லை? சொல்லுங்க. ஏன் அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? எங்க பார்க்கறீங்க? என் பின்னாடி என்ன, ஜன்னல்தானே. அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க, வெறும் பஸ் சந்து.

சித்தப்பா.

சுத்திக்கிட்டு வந்திருக்கார். எனக்கு டீ கொண்டு வந்திருக்கார். வாளி முழங்கையில தொங்குது, ஒரே கையில ரெண்டு கப்பு, விளிம்புல ஆவி பறக்குது. இன்னொரு கை காலர்ல இருக்கு. மேல் பட்டனைப் போட்டுட்டார் அக்கா. முகத்தைப் பாருங்க. என்னைப் பார்க்கலை அவர். பஸ்ஸுக்குள்ள பார்க்கறார். எட்டி எட்டிப் பார்க்கறார், ஒவ்வொரு சீட்டா, பொம்பளைங்க உக்காந்திருக்கிற ஒவ்வொரு சீட்டா. உங்களையும் பார்க்கறார். உங்க வாயைப் பார்க்கறார். நீங்க ஏதாவது பேசிடுங்க அக்கா. உங்க குரல்ல ஏதாவது பேசிடுங்க.

இப்ப என்னைப் பார்க்கறார்.

டீயை ஜன்னல் கட்டையில வெச்சுட்டார். மெதுவா, சிந்தாம.  கை மறுபடி கழுத்துக்குப் போகுது.

பட்டனைக் கழட்டறார் அக்கா.